வாளில் இல்லாத பெயர், தாளில் இருக்கும் பெயர்

ஜப்பானிய வாள் ரசிகர்கள் மத்தியில் ஒரு பழைய சொலவடை உண்டு: "கோவையும் பேயையும் பார்த்தவன் கிடையாது." நம்ம கோயம்புத்தூர் இல்லை. கோ யோஷிஹிரோ என்ற கொல்லரைச் சொல்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் எச்சூ நாட்டில், அதாவது இன்றைய தொயாமா பக்கம் இருந்தவர். அவர் தன் பெயரை வெட்டி வைத்த வாள் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. ஆனால் இனாபா கோ, தொமிதா கோ என்று அவருடையதாகச் சொல்லப்படும் இரண்டு வாள்கள் ஜப்பானின் தேசியப் பொக்கிஷப் பட்டியலில் இருக்கின்றன.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இந்த இடத்தில்தான். கையெழுத்துப் போட்ட வாள் ஒன்றுகூட இல்லையென்றால், இது அவருடையதுதான் என்று யார், எதை வைத்து, எப்படிச் சொன்னார்கள்? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒருவர் "ரிசல்ட் சரியா வருது" என்று சொன்னால் முதலில் வாயில் வரும் கேள்வி, "எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?" என்பதுதான். வாள் மதிப்பீட்டைப் பற்றி வாசிக்க வாசிக்க, இந்தக் கேள்விக்கு ஒரு பகுதியில் அருமையான பதில் இருப்பதும், இன்னொரு பகுதியில் பதிலே இல்லாததும் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், பதில் இல்லாத பகுதியில்தான் விலை உச்சத்தில் இருக்கிறது.

முதலில் நல்ல பகுதி. ஜப்பானிய வாளின் கைப்பிடியை ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் பிடித்திருக்கிறது. அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று, உள்ளே மறைந்திருக்கும் வால்பகுதி வெளியே வரும். ஜப்பானியர்கள் அதை நகாகோ என்கிறார்கள். கொல்லர் பெயர், ஊர், சில வேளை ஆண்டும் மாதமும்கூட உளியால் அதில்தான் வெட்டப்பட்டிருக்கும். அலகு எத்தனை முறை தீட்டப்பட்டாலும் நகாகோவை யாரும் தீட்ட மாட்டார்கள். அதன் துருதான் வயதுக்குச் சாட்சி. தாத்தா பெட்டியில் வாள் கிடைத்தது என்று உப்புத்தாள் போட்டு அந்தத் துருவைப் பளபளப்பாக்கியவர்கள் கதை உலகமெங்கும் உண்டு. அந்தச் சாட்சி போனால் போனதுதான்.

நகாகோவின் மேல் மெல்லிய தாளை வைத்து மசிக்கட்டியால் தேய்த்து எழுத்தைப் படியெடுக்கிறார்கள். நம்மூரில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் போன்ற வேலை. ஓஷிகாதா என்று பெயர். உளி எங்கே அழுந்தியது, கோடு எந்தப் பக்கம் ஓடியது, அரம் போட்ட கீறல்கள் எந்தச் சாய்வில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் பழைய படிகளோடு ஒப்பிடுவார்கள். எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே ஒரு தடயம். பழைய தாச்சி வகை வாளை இடுப்பில் கூர்மை கீழ்நோக்கித் தொங்கவிடுவார்கள். பிற்காலக் கட்டானாவைக் கூர்மை மேல்நோக்கிச் செருகுவார்கள். இரண்டிலும் வெளியே தெரியும் பக்கத்தில்தான் பொதுவாகப் பெயர் இருக்கும். ஆகவே பக்கம் மாறும்.

அப்புறம் அலகு. தோய்ச்சல் போடுவதற்கு முன்னால் வாள் முழுக்கக் களிமண் பூசுவார்கள். கூர்விளிம்பில் மெல்லிசாக, முதுகுப் பக்கம் தடிமனாக. தண்ணீரில் இறக்கும்போது விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு நிதானமாகக் குளிர்ந்து வளையும் தன்மையோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவே உருவாகும் எல்லைக்கோடுதான் ஹமோன். அதில் கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடிய பளபளக்கும் மணிகள் நியே. மணி தெரியாமல் பனிமூட்டம் போல இருந்தால் நியோய். மண் பூசிய கை, உலையின் சூடு, எஃகை மடித்து அடித்த விதம், எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு சாயலைத் தருகின்றன.

இந்தச் சாயலைக் கண்டுபிடிப்பது சும்மா கதை இல்லை. அதற்கு ஒரு தேர்வே வைத்திருக்கிறார்கள். நகாகோவை மூடி, வெறும் அலகை மட்டும் காட்டுவார்கள். பார்ப்பவர் ஒரு சீட்டில் கொல்லர் பெயரை எழுதித் தர வேண்டும். பெயரே சரியென்றால் ஒரு பதில், அதே மரபைச் சேர்ந்த நெருங்கிய ஆள் என்றால் இன்னொரு பதில், திசையே தப்பென்றால் வேறொரு பதில். மறுபடி எழுதலாம். கடைசியில் மூடியைத் திறந்து எழுத்தைக் காட்டிவிடுவார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. நம் ஊர்ச் சிற்ப, ஓவிய நிபுணர்களில் எத்தனை பேர் இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதனைக்கு உட்காருவார்கள்?

பிசென் நாட்டு ஒசாஃபுனே பட்டறையை எடுத்துக்கொண்டால் இந்த முறை கச்சிதமாக வேலை செய்கிறது. நாகமிட்சு, காகெமிட்சு, கானெமிட்சு என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். பல வாள்களில் ஆண்டும் இருக்கிறது. பெயரில்லாத ஒரு வாளை "இது காகெமிட்சு காலத்து ஒசாஃபுனே" என்று ஒருவர் சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்துள்ள காகெமிட்சு வாள்கள் இருக்கின்றன.

இப்போது மசமுனேவுக்கு வருவோம். வாள் என்றாலே எல்லாரும் சொல்லும் பெயர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காமகுராவில் வேலை செய்தவர். அவர் கையெழுத்து உள்ளவை என்று ஏற்கப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய குத்துவாள்கள் மட்டும்தான். ஃபுடோ மசமுனே, கியோகொகு மசமுனே போல. புகழ்பெற்ற நீள வாள்களில் எதிலுமே அவர் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. குதிரையில் இருந்து போரிடும் காலத்து நீண்ட தாச்சிகளை, பிற்காலத்தில் இடுப்பில் செருகும் வசதிக்காக வெட்டிக் குட்டையாக்கினார்கள். முனையில் வெட்ட முடியாது, ஹமோன் போய்விடும். ஆகவே நகாகோ பக்கம் வெட்டினார்கள். பெயர் இருந்திருந்தால் அந்தத் துண்டோடு போய்விட்டது. மசமுனே நீள வாளில் பெயரே வெட்டவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, பெயரில்லாத வாள்கள் குவிந்தன.

அந்த இடத்தில் உள்ளே வருகிறது ஹோனாமி குடும்பம். வாள் தீட்டுவதும் பராமரிப்பதும் அவர்கள் பரம்பரைத் தொழில். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொயொதோமி ஹிதெயோஷி, ஹோனாமி கோதொகுவுக்கு வாள்களை மதிப்பிடும் அதிகாரத்தைக் கொடுத்தார். மதிப்பிட்ட வாளுக்கு ஒரு மடித்த தாளில் சான்று எழுதித் தருவார்கள்: கொல்லர் பெயர், கூடவே தங்கக் காசுக் கணக்கில் விலை. மடித்த தாள் என்பதற்கு ஜப்பானியச் சொல் ஒரிகாமி. நம் பிள்ளைகள் பள்ளியில் காகிதக் கொக்கு செய்கிறார்களே, அதே சொல்தான். இன்றும் ஜப்பானியத்தில் "ஒரிகாமி உள்ளது" என்றால் தரத்துக்கு உத்தரவாதம் உள்ளது என்று பொருள்.

சில வாள்களில் தாளோடு நிற்கவில்லை. வெட்டிக் குட்டையாக்கிய நகாகோவிலேயே தங்கம் பதித்துக் கொல்லர் பெயரையும், மதிப்பிட்டவர் பெயரையும் எழுதிவிட்டார்கள். நிபுணரின் கருத்து அந்தப் பொருளின் பாகமாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் இந்த வாள்கள் யாருக்குத் தேவைப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். போர் முடிந்தால் தளபதிகளுக்கு வெகுமதி தர வேண்டும். நிலம் எவ்வளவுதான் இருக்கும்? பெயர் பெற்ற ஒரு வாளைக் கொடுத்தால் ஒரு பெரிய மரியாதை ஆயிற்று. வாங்கியவர் அதை இன்னொரு பிரபுவுக்குக் கொடுப்பார், அது சுற்றி வரும். அப்படிச் சுற்றுவதற்கு மசமுனேக்கள் வேண்டும். தீட்டுவதும், பெயர் சொல்வதும், விலை போடுவதும் ஒரே குடும்பம். இதில் ஹோனாமிக்காரர்கள் மோசடி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண் உண்மையிலேயே கூர்மையானது. 1719இல் ஷோகன் யோஷிமுனே கேட்டதன் பேரில் ஹோனாமி கோச்சூ தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் இன்றைக்கும் ஆராய்ச்சிக்கு ஆதாரம். தீயில் எரிந்துபோன வாள்களைக்கூட அதில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் நேர்மையான மனிதர்கள் என்பதும் சரிபார்க்கக்கூடிய முறை என்பதும் ஒன்றில்லை. கோச்சூவுக்குப் பிந்தைய தலைமுறைகளின் ஒரிகாமிகளைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. ஆளை நம்பி நிற்கும் முறை ஆள் மாறினால் ஆட்டம் காணத்தானே செய்யும்.

1896இல் இமாமுரா சோகா என்ற நிபுணர் யோமியூரி நாளிதழ் வழியாக ஒரு குண்டைப் போட்டார். சாதாரண ஆளில்லை, அரண்மனை வாள்களைப் பார்த்தவர். மசமுனே என்று இவ்வளவு பெரிய கொல்லர் யாரும் இருந்ததில்லை, இந்தப் புகழெல்லாம் ஹிதெயோஷி காலத்தில் கட்டப்பட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். பெரிய சண்டை நடந்தது. அவர் சொன்னதில் பாதி நிற்கவில்லை. தோஜி கோயிலின் காஞ்சி-இன் மடத்தில் இருந்த, 1423இல் படியெடுக்கப்பட்ட கொல்லர் பெயர்ப் பட்டியலில் மசமுனே பெயர் இருக்கிறது. ஹிதெயோஷி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது அது. ஆகவே ஆள் இருந்தார்.

இமாமுராவை மறுத்தவர்கள் அதோடு கதை முடிந்ததாக எடுத்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. மசமுனே என்று ஒருவர் இருந்தார் என்பதும், இந்தக் குறிப்பிட்ட வாளை அவர்தான் செய்தார் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதுக்கு ஆவணம் இருக்கிறது. இரண்டாவதுக்கு என்ன இருக்கிறது? மசமுனேயின் நியே இப்படி மின்னும், எஃகில் கறுத்த கோடுகள் இப்படி ஓடும் என்ற வர்ணனை. அந்த வர்ணனையை எதிலிருந்து எடுத்தார்கள்? அந்தச் சில குத்துவாள்களில் இருந்து கொஞ்சம். பெரும்பகுதி, ஏற்கெனவே மசமுனே என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பெயரில்லாத வாள்களில் இருந்து. எங்கள் தொழிலில் சொன்னால், புரோகிராம் தரும் விடையையே காப்பி பண்ணி "எதிர்பார்க்கும் விடை" என்று டெஸ்ட்டில் போட்டு வைப்பது மாதிரி. எல்லா டெஸ்ட்டும் பச்சையாகத்தான் வரும்.

மூடி திறக்கும் தேர்வும் இங்கே செல்லாது. மசமுனேயின் நீள வாளை வைத்து மூடியைத் திறந்தால் உள்ளே எழுத்து இருக்காது. பழைய நிபுணர் என்ன சொன்னாரோ அதுதான் "சரியான விடை". நீங்கள் ஜெயித்தால் அந்த நிபுணரோடு ஒத்துப்போனீர்கள் என்று மட்டும்தான் அர்த்தம்.

ஒரு வாளை அடையாளம் காண்பது வேறு, அதன் கொல்லரைச் சொல்வது வேறு என்பதற்கு ஹோன்ஜோ மசமுனே நல்ல உதாரணம். தொகுகாவா குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. போர் முடிந்ததும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, 1945 டிசம்பரில் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். அடுத்த மாதம் ஓர் அமெரிக்க ராணுவ சார்ஜென்ட் எடுத்துப்போனதாகப் பதிவு. 'கோல்டி பைமோர்' என்று காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. நாளைக்கு ஒரு வாள் அமெரிக்காவில் ஏதோ ஒரு பரணில் கிடைத்தால், அது ஹோன்ஜோ மசமுனேதானா என்று தாராளமாகச் சொல்ல முடியும். அதன் ஹமோனைப் பழைய பதிவுகளில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஹமோன் கைரேகை மாதிரி, இன்னொரு வாளில் அப்படியே வராது. வரைபடத்தோடு பொருந்தினால் அதே பொருள்தான். ஆனால் அதைச் செய்தவர் மசமுனேயா என்ற கேள்வி அப்போதும் அதே இடத்தில்தான் நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ககோஷிமாவின் தெருகுனி கோயில் வாள். குனிமுனே என்று பெயர் வெட்டியது, போருக்கு முன்பே தேசியப் பொக்கிஷமாகப் பதிவானது. அதுவும் போர் முடிந்த குழப்பத்தில் காணாமல் போனது. வால்டர் காம்ப்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் அட்லாண்டாவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய வாள் அதுதான் என்று தெரியவந்தபோது, 1963இல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்து இருந்தது, பதிவு இருந்தது. யாருடைய ரசனையையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

எழுத்து இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. எடோ காலத்து நாகசோனே கோதெட்சு பற்றி, "கோதெட்சுவைக் கண்டால் போலி என்று நினை" என்றே சொல்வார்கள். ஷின்சென்குமி தலைவர் கொண்டோ இசாமி பெருமையாக வைத்திருந்த கோதெட்சுவே போலி என்று ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காஜிஹெய் என்று அழைக்கப்பட்ட ஹொசோதா நாவோமிட்சு போலிக் கையெழுத்தில் பெரும் புள்ளி. தான் வெட்டிய போலி எழுத்துகளின் படிகளை அவரே சேர்த்து வைத்திருந்தார். அது பின்னாளில் அச்சாகி, இன்று நிபுணர்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி உதவுகிறது. திருடனின் கணக்குப் புத்தகம் போலீஸ் கையில் கிடைத்த கதை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, ஏனென்றால் நான் அடுத்துச் சொல்லப் போகும் குறைக்கு இதிலேயே மருந்து இருக்கிறது.

இன்று சான்றிதழ் கொடுப்பதில் முதன்மையான அமைப்பு, 1948இல் தொடங்கிய ஜப்பானிய வாள் கலைப் பாதுகாப்புச் சங்கம். அதன் அருங்காட்சியகம் 2018 முதல் தோக்கியோவின் ரியோகொகுவில் இருக்கிறது. வாளைக் கொடுத்தால் குழு பார்த்து, ஹொசோன், தொகுபெட்சு ஹொசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று ஏறுவரிசையில் தரம் தருகிறது. பாதுகாக்கத் தகுந்தது, முக்கியமானது என்ற பொருளில் அந்தப் பெயர்கள். இதற்கு முன் வெள்ளைத் தாள், பச்சைத் தாள் என்று வேறு வரிசை இருந்தது. பச்சைத் தாளின் பெயர் கெட்டுப்போனதால் 1982இல் புதிய வரிசை வந்தது. பச்சைத் தாளோடு வாள் வந்தால் மறுபடி சங்கத்துக்கு அனுப்பிப் பாருங்கள் என்றுதான் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

(இடையில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் இருந்து வரும் வாள் விளம்பரங்களில் "அரசுப் பதிவுச் சான்று உண்டு" என்று போட்டிருக்கும். அது ஆயுதச் சட்டப்படி வாளை வைத்திருக்க அனுமதிக்கும் சிட்டை மட்டுமே. அதில் எழுதியிருக்கும் கொல்லர் பெயர், வாளில் என்ன வெட்டியிருக்கிறதோ அதன் நகல். உண்மையா போலியா என்று அது சொல்வதே இல்லை.)

ஜூயோ தரம் கிடைத்தால் ஏன் இந்தப் பெயர் என்ற விளக்கத்தோடு தொகுதியில் அச்சிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் கீழ்த்தரங்களில், அதாவது பெரும்பாலான வாள்களுக்கு, தாளில் பெயரும் நீளமும் படமும்தான் இருக்கும். காரணம் இருக்காது. ஒருவர் மறுத்துப் பேச வேண்டுமென்றால்கூட எதை மறுப்பது?

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. கையெழுத்து போலி என்று குழு முடிவு செய்தால் வாளுக்குத் தாள் கிடைக்காது. வாள் நல்ல வாளாகவே இருக்கலாம். யாரோ ஒருவன் இருநூறு வருஷத்துக்கு முன்னால் பேராசையில் ஒரு பெரிய பெயரை வெட்டிவிட்டான், அவ்வளவுதான். இப்போது உரிமையாளர் என்ன செய்வார்? அந்த எழுத்தை அழித்துவிட்டு, பெயரில்லாத வாளாக மறுபடி அனுப்புவார். இப்போது தாள் கிடைக்கும், இன்ன கொல்லருடையது என்று. இது ரகசியம் ஒன்றுமில்லை, வாள் உலகத்தில் சகஜமாகப் பேசப்படும் நடைமுறை. சங்கம் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அழித்தவருக்குத் தாளும், அழிக்காதவருக்கு வெறுங்கையும் கிடைக்கும்போது, சொல்லத்தான் வேண்டுமா?

போலி எழுத்தும் ஒரு ஆதாரம்தான். எப்போது வெட்டப்பட்டது, யார் கை, எந்தப் பெயருக்கு அந்தக் காலத்தில் கிராக்கி இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. காஜிஹெய்யின் படிகள் இன்று உதவுவது அதனால்தானே. அதைவிட மோசமான சாத்தியம் ஒன்று இருக்கிறது. குழு மனிதர்களால் ஆனது. ஒரு அரிய, வழக்கத்துக்கு மாறான உண்மைக் கையெழுத்தை அவர்கள் போலி என்று ஒதுக்கினால்? தவறான தாளைப் பத்து வருஷம் கழித்து மாற்றிக் கொடுக்கலாம். அரம் போட்டுத் தேய்த்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கோ யோஷிஹிரோவின் கையெழுத்தை ஒருவரும் பார்த்ததில்லை என்பதால், நாளைக்கு அப்படி ஒன்று வந்தால் முதல் சந்தேகம் அந்த எழுத்தின் மேல்தான் விழும்.

அறிவியல் காப்பாற்றாதா என்றால், ஓரளவுக்குத்தான். நியூட்ரான் கதிர் வைத்து வாளை வெட்டாமலே உள்ளே எஃகு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு எஃகு சேர்த்ததா, எந்தப் பகுதி கடினமானது என்று தெரியும். எந்தக் கொல்லர் என்று அது சொல்லாது. பெயர் உறுதியான வாள்களின் அளவீடுகள் நிறையச் சேர்ந்தால் ஒப்பிடலாம். அதற்கும் கையெழுத்துள்ள வாள்கள்தான் வேண்டும்.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டியிருக்கிறது. சாமுராய் வாள் தென்னிந்திய எஃகில் செய்தது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. எச்சிசென் யாசுத்சுகு, தொகுகாவா இயெயாசுவிடம் வேலை பார்த்த கொல்லர், சில வாள்களில் "நன்பன் இரும்பு கொண்டு" என்று வெட்டியிருக்கிறார். நன்பன் என்றால் தெற்கிலிருந்து கப்பலில் வந்த அந்நியர் சரக்கு. இந்தியாவில் இருந்தும் வந்திருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த எழுத்தில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை. அதுவும் 17ஆம் நூற்றாண்டு. மசமுனேக்கு முந்நூறு வருஷம் பிந்தியது. ஆசையாக இருக்கிறது என்பதற்காக எழுத்தில் இல்லாததைப் படிக்கக் கூடாது.

திரும்ப அந்த அழிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு என் யோசனை மிகச் சின்னது. தாள் மறுக்கும்போது, மறுத்த எழுத்தின் படியையும் காரணத்தையும் பொதுவில் போட்டு வைக்கலாம். எழுத்து போலி, வாள் இன்ன மரபு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதியும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் யாரும் அரத்தைத் தூக்க மாட்டார்கள். அதுவரைக்கும், நான் மேலே அடைப்புக்குறிக்குள் ஏளனமாகச் சொன்ன அந்த அரசுச் சிட்டைதான் துணை. 1951இல் இருந்து ஒவ்வொரு வாளுக்கும் நீளம், வளைவு, ஆணி ஓட்டை எத்தனை, நகாகோவில் என்ன எழுத்து என்று ஒரு பதிவுப் பரிசோதகர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். உண்மையா போலியா என்று அவர் யோசிக்கவில்லை, கண்டதை எழுதினார். பின்னால் தேய்த்து அழிக்கப்பட்ட எத்தனையோ பெயர்கள் அந்தப் பதிவேடுகளில் ஒற்றை வரியாகக் கிடக்கும்.